அட்டைப்படகுப் போட்டி: ரெண்டு பேர், 20 மீட்டர் குளம். அளவு, அட்டை, பசை, பெயிண்ட் பற்றி

1 · பால்கனிக்காரர்

வணக்கம். பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டில் ஒரு அபார்ட்மென்ட். பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கம் அட்டைப்படகுப் போட்டி வைக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ரெண்டு அணி.

விதிகள்: நெளி அட்டை, பசை, டேப், ஒற்றை டப்பா பெயிண்ட் மட்டும். தெர்மோகோல், மரம், பிளாஸ்டிக் ஷீட், ரெண்டு டப்பா கலந்து பூசும் எபாக்சி எதுவும் கூடாது. டேப் இணைப்புகளில் மட்டும், முழுசாகச் சுற்றக் கூடாது. படகுக்கு இருவர். குளம் 20 மீட்டர் நீளம், 4 அடி ஆழம். போய்த் திரும்பி வர வேண்டும். துடுப்பு அவரவர் இஷ்டம்.

240 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் என்று போட்டு வைத்திருக்கிறோம். இருவர் எடை சேர்த்து 140 கிலோ. தாங்குமா? என்ன அட்டை, என்ன பசை?

2 · கணக்குப்பிள்ளை

தாங்குவதில் சந்தேகமே வேண்டாம். கவிழாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. 60 அகலத்தில் கவிழும்.

குளத்துத் தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ. ஆட்கள் 140, படகு ஏறக்குறைய 12, மொத்தம் 152 கிலோ. அப்படியானால் 152 லிட்டர் தண்ணீரைப் படகு விலக்க வேண்டும். 240 × 60 அடிப்பரப்புக்கு 1,52,000 ÷ 14,400 = 10.6 செ.மீ. அமிழும். 35 உயரத்தில் பாக்கி 24 செ.மீ. மேலே நிற்கும். எனவே மூழ்கும் பயம் இல்லை.

இப்போது சாய்வு. பெட்டி வடிவப் படகுக்கு மெட்டாசென்டர் என்ற புள்ளியின் உயரம் பார்க்க எளிய வழி: அகலத்தின் வர்க்கத்தை (12 × அமிழும் ஆழம்) என்பதால் வகுத்து, அமிழும் ஆழத்தில் பாதியைக் கூட்டுங்கள். மொத்த எடையின் மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் சாய்ந்த படகு தானாக நிமிரும். மேலே போனால் நிமிராது.

60 அகலம்: 3600 ÷ 127 = 28, கூட 5, சுமார் 34 செ.மீ.
75 அகலம்: அமிழ்வது 8.4 செ.மீ. ஆகக் குறையும். 5625 ÷ 101 = 56, கூட 4, சுமார் 60 செ.மீ.

குதிகால் மேல் உட்கார்ந்து மண்டியிடுபவரின் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. உயரத்தில் இருக்கும். காலை நீட்டித் தரையோடு உட்கார்ந்தால் 25-க்குப் பக்கம். ஆகவே 60 அகலப் படகில் கால் நீட்டி உட்கார்ந்தால் தப்பிக்கலாம், மண்டியிட்டால் கவிழ்வீர்கள். 75-ல் மண்டியிட்டு வசதியாகத் துடுப்பு போடலாம். 15 செ.மீ. அகலம் கூட்டியதற்கு நிலைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகலம் வர்க்கத்தில் வேலை செய்கிறது, கூடவே அமிழும் ஆழமும் குறைகிறது என்பதால்தான் இது.

3 · அல்சூர் துடுப்பு

கணக்கு சரி. ஆனால் 75-க்கு மேல் போகாதீர்கள். 85, 90 என்று போனால் துடுப்பு தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்காது. பக்கச்சுவருக்கு மேலே எட்டி எட்டிப் போட வேண்டும், படகு நேராகப் போகாமல் சுற்றும். பக்க உயரமும் 35 அதிகம். உட்காரும் இடத்தில் 28 போதும், முன்னும் பின்னும் 35 இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் முழங்கை விளிம்பில் இடிக்கும்.

4 · ஐந்து ப்ளை

அட்டை பற்றி.

பெட்டிக்காரர்கள் 3 ப்ளை, 5 ப்ளை, 7 ப்ளை என்பார்கள். ப்ளை என்றால் தாள் அடுக்கு, தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஓடும் தாள்தான் நெளி. 3 ப்ளையில் ஒரு நெளி, 5-ல் இரண்டு, 7-ல் மூன்று. படகின் உடலுக்கு 5 ப்ளை. 7 ப்ளை மடிக்கும்போது வெளித்தாள் கிழிந்துவிடும், கிழிந்த இடம் தண்ணீருக்கு வாசல். 3 ப்ளையை உள்ளே இரட்டிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிடைக்குமிடம்: இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் பெட்டி முதல் தரம். ஷோரூமில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கொக்கி போட்டு இழுக்காமல் தரச் சொல்லுங்கள். எஸ்.பி. ரோடு கடைகளில் டி.வி. பெட்டி கிடைக்கும், பழைய பேப்பர் கடையிலும் கேட்கலாம். புது ஷீட் வேண்டுமென்றால் பீன்யா பக்கம் பெட்டி தயாரிப்பவர்களிடம் மடிப்பு விழாத 5 ப்ளை ஷீட்டாகவே கேளுங்கள். மழையில் நனைந்து காய்ந்த பெட்டி வேண்டவே வேண்டாம். அடுக்குகளை ஒட்டியிருப்பது ஸ்டார்ச் பசை, அதாவது கஞ்சி. ஒருமுறை ஊறினால் அந்த ஒட்டு போய்விடும், காய்ந்தாலும் பழைய பலம் வராது. பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நெளி அமுங்கி அப்படியே நின்றால் தள்ளி வையுங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம். பெட்டியில் நெளி நிற்கும் திசையில், மேலிருந்து கீழாக ஓடும். ஏறத்தாழ 70 × 70 × 175 ஃபிரிட்ஜ் பெட்டியை ஒரு மூலையில் பிரித்து விரித்தால் 280 × 175 ஷீட். 280-ஐப் படகின் நீளமாக வைத்தால் நெளி குறுக்கே ஓடும். பழைய பெட்டியின் மூலை மடிப்புகளும் 70 செ.மீ.க்கு ஒன்றாகப் படகின் குறுக்கே விழும். அந்த மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கதவுக் கீல் மாதிரி. தண்ணீரில் இறக்கியதும் படகு நடுவில் மடங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான். பெயிண்ட் எத்தனை கோட் அடித்தாலும் இது தீராது.

தீர்வு: உள்பக்கம் அடிப்பகுதி முழுக்க இரண்டாவது அடுக்கு. அதில் நெளி நீளவாக்கில் ஓடட்டும், அதன் மடிப்போ இணைப்போ முதல் அடுக்கின் மடிப்புக்கு மேல் விழக் கூடாது, குறைந்தது 20 செ.மீ. தள்ளி வரட்டும். நெளிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் ப்ளைவுட் மாதிரி இரு பக்கமும் விறைக்கும்.

5 · பால்கனிக்காரர்

இது தெரியாமல் வெட்டியிருப்போம், நன்றி. 280 ஷீட்டில் 240 நீளப் படகு எப்படி வரும்? முன்பக்கத்தைத் தனியாக வெட்டி ஒட்டுவதா?

6 · ஐந்து ப்ளை

ஒட்டாதீர்கள். நீளத்தை விட்டுக் கொடுங்கள். 280-ல் முன்னுக்கு 35, பின்னுக்கு 35 மடித்து ஏற்றினால் அடிப்பகுதி 210. அகலவாக்கில் 35 + 75 + 35 = 145, ஷீட்டின் 175-க்குள் அடங்கும். மீதி 30-ஐ இரு பக்கமும் 15 வீதம் வெளியே மடித்தால் விளிம்பு இரட்டை அடுக்காகிவிடும். ஆக முழு உடலும் ஒரே ஷீட். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இணைப்புகூட இல்லை.

மூலைகளை வெட்டவே கூடாது. காகிதத்தில் தட்டு மடிப்போமே, அதே மாதிரி மூலையில் குறுக்குக் கோடு போட்டு, வரும் முக்கோணத்தை முன்சுவரின் வெளிப்பக்கமாக மடித்து ஒட்டுங்கள். 5 ப்ளையில் இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மடிப்புக் கோட்டை ஈரத் துணியால் ஒருமுறை லேசாகத் துடைத்து, ஸ்கேல் வைத்து, கரண்டியின் பின்புறத்தால் நாலைந்து தடவை அழுத்தித் தேய்த்துவிட்டு மடித்தால் தாள் கிழியாது. பிளேடு அந்தப் பக்கமே போகக் கூடாது.

முன்சுவரைச் செங்குத்தாக நிறுத்தாமல் வெளியே சாய்த்து மடியுங்கள், 45 டிகிரி வரை. செங்குத்துச் சுவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், சாய்ந்த சுவர் தண்ணீர் மேல் ஏறும். சாய்த்தால் உயரம் 35-லிருந்து 25-க்குக் குறையும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அது பற்றாது என்று தோன்றினால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே 15 செ.மீ. பட்டை ஒட்டி ஏற்றலாம். இணைப்பு அங்கே இருந்தால் ஆபத்தில்லை.

7 · கணக்குப்பிள்ளை

210 × 75-க்குத் திருத்திய கணக்கு: அமிழ்வது 9.7 செ.மீ., மெட்டாசென்டர் 53 செ.மீ. மண்டியிட இன்னும் 10 செ.மீ.க்கு மேல் கைவசம் இருக்கிறது. நீளம் குறைந்ததால் வேகம் போய்விடும் என்று கவலைப்பட வேண்டாம். 20 மீட்டரில் திரும்புவதற்குக் குட்டையான படகுதான் கைகொடுக்கும்.

8 · மல்லேஸ்வரம் மீனாட்சி

அடித்தளம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, சேர்க்கிறேன். 9.7 செ.மீ. ஆழத்தில் தண்ணீர் மேல்நோக்கித் தருவது சதுர செ.மீ.க்கு சுமார் 10 கிராம். 70 கிலோ ஆள் இரண்டு முழங்காலில் நின்றால், முழங்காலுக்கு 50 சதுர செ.மீ. என்று வைத்தாலும் சதுர செ.மீ.க்கு 700 கிராம். எழுபது மடங்கு! நெளி நசுங்கும், நசுங்கிய இடத்தில் வெளி பெயிண்ட் விரியும், பொடி விரிசல் வழியே ஊறும். படகு மூழ்கியபின் பார்த்தால் ஓட்டை எதுவும் தெரியாது, முழங்கால் பட்ட இடம் மட்டும் கூழாகியிருக்கும்.

ஆகவே ஒவ்வொருவர் மண்டியிடும் இடத்திலும் 60 × 60 அளவில் மூன்று அடுக்கு மெத்தை. அடுக்குக்கு அடுக்கு நெளி திசை மாறட்டும். மேல் அடுக்கை ஒட்டும்போது ஓரங்களைப் பேப்பர் பட்டையால் மூடிவிடுங்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். இருவரும் இரு முனையில் போய் உட்கார்ந்தால் நடு மேலே வளையும், நடுவில் நெருங்கி உட்கார்ந்தால் பக்கச்சுவர் விளிம்பு உள்ளே மடங்கும். முனையிலிருந்து நீளத்தில் கால் பங்கு, அதாவது 50 செ.மீ. சுற்றில் ஒவ்வொருவரின் எடை விழ வேண்டும்.

9 · அல்சூர் துடுப்பு

மீனாட்சி அக்கா சொன்னதோடு வங்கு மூன்று வையுங்கள். மீனவர்கள் தோணிக்குள் குறுக்கே வைக்கும் விலா எலும்பைத்தான் வங்கு என்பார்கள். அட்டையில் அது 20 செ.மீ. உயரக் குறுக்குச் சுவர்: முன் ஆளுக்கு முன்னால் ஒன்று, இருவருக்கும் நடுவில் ஒன்று, பின் ஆளுக்குப் பின்னால் ஒன்று. வங்கில் நெளி செங்குத்தாக நிற்கட்டும். கீழேயும் பக்கங்களிலும் 8 செ.மீ. காது விட்டு மடித்து ஒட்டுங்கள். பக்கச்சுவர் வெளியே விரிவதைப் பிடித்து நிறுத்துவது இதுதான்.

கனமான பொருள் பேக் செய்யும்போது ஓரத்தில் வைக்கும் எல் வடிவப் பேப்பர் பட்டி கிடைத்தால் விளிம்புக்கு அதைவிட நல்லது இல்லை. காகிதத்தை அழுத்திச் செய்ததுதான். ஆனால் நெளி அட்டை மட்டும் என்ற விதிக்குள் வருமா என்று நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

10 · பால்கனிக்காரர்

பசைக்கும் டேப்புக்கும் வருவோம். எல்லா இணைப்பிலும் பிரவுன் டேப் ஒட்டி, மேலே எனாமல் அடித்துவிடலாம் என்று நினைத்தோம்.

11 · பசைப்பானை

அந்த வரிசை தவறு. பிரவுன் டேப் பாலிபுரொப்பிலின். அதன் வழவழப்பில் எனாமல் பிடிக்காது. காய்ந்தபின் நகத்தால் சுரண்டினால் தோலாக உரிந்து வரும். துணி டேப்பின் மேல்முகமும் பிளாஸ்டிக்தான், அதே கதைதான்.

அடுக்கு ஒட்ட சாதாரண வெள்ளைப் பசை போதும், ஃபெவிகால் மரைன் இருந்தால் ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம். இந்தப் படகுக்கு ஒன்றரை கிலோ வாங்குங்கள். அட்டைத் துண்டில் பல் வெட்டி, சீப்பு இழுப்பதுபோல் மெல்லியதாக இழுக்க வேண்டும். கொட்டிப் பரப்பினால் பசையில் இருக்கும் தண்ணீரே அட்டையை வளைத்துவிடும். மேலே 20 லிட்டர் தண்ணீர் கேன்களை வரிசையாக வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். கேன் ஒன்றுக்கு 20 கிலோ, அந்த எடை அழகாகப் பரவும். கேனுக்கு அடியில் பழைய பேப்பர் போடுங்கள், கேன் வியர்க்கும்.

வங்குக் காதுகளுக்கு எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசை. இரு பக்கமும் பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒரே தடவையில் சரியாக வைத்து அழுத்த வேண்டும். நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆவி தீப்பிடிக்கும்.

இணைப்புகளுக்கு: 8 செ.மீ. அகலத்தில் பழுப்புக் க்ராஃப்ட் பேப்பர் பட்டை கிழித்து, வெள்ளைப் பசையில் நனைத்து ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் பஞ்சாகி அட்டையோடு படியும். தோணியின் பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடிப்பது மாதிரி இது. திறந்து தெரியும் நெளி ஓரம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தப் பட்டையைக் கவிழ்த்து ஒட்டியே ஆக வேண்டும். நெளியின் வாய் திறந்திருந்தால் ஒவ்வொரு குழாயும் தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். அட்டையின் முகத்தைவிட ஓரம்தான் படகைக் கொல்லும். காய்ந்த பிறகுதான் பெயிண்ட்.

12 · ஐந்து ப்ளை

டேப்பே வேண்டாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்முனை குளத்துச் சுவரில் இடிக்கும். அங்கே பேப்பர் பட்டை மட்டும் இருந்தால் ஒரே இடியில் நார்நாராகும்.

13 · பசைப்பானை

டேப் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயிண்டுக்குக் கீழே வேண்டாம், மேலே போடுங்கள். எனாமல் முழுசாகக் காய்ந்த வழவழப்பான பரப்பில் துணி டேப் நன்றாகவே பிடிக்கும், பெயிண்ட் படாத அட்டைத் தூசியில்தான் பிடிக்காது. முன்முனை, மூலை முக்கோணங்கள், விளிம்பு: இவ்வளவுக்கும் 48 மி.மீ. அகலத்தில் ஒரு உருளை போதும்.

14 · ஐந்து ப்ளை

அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறேன்.

15 · மல்லேஸ்வரம் மீனாட்சி

பெயிண்ட்: ஆயில் எனாமல். வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷனும் காய்ந்தபின் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் முதல் கோட்டே தண்ணீர் கலந்தது. 5 ப்ளை தாங்கிக்கொள்ளும், மேல் தாள் மட்டும் லேசாகப் பொங்கும். எனாமலில் அந்தத் தொல்லை இல்லை.

அளவு: வெளிப்பரப்பு சுமார் 3.6 சதுர மீட்டர். முதல் கோட்டை அட்டை குடித்துவிடும், லிட்டருக்கு 6 சதுர மீட்டர் வந்தால் பெரிது. அடுத்த கோட்டுகள் லிட்டருக்கு 10 வரை போகும். வெளியே மூன்று கோட், உள்ளே தளத்துக்கு ஒரு கோட் என்றால் 2 லிட்டர். முதல் கோட்டில் டர்பன்டைன் சற்றுக் கூடுதலாகக் கலந்து ஓரங்களில் ஊறவிடுங்கள்.

கோட்டுக்குக் கோட் 10 மணி நேரம். கடைசிக் கோட்டுக்குப் பிறகு குறைந்தது மூன்று நாள். தொட்டால் காய்ந்தது மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே பச்சையாக இருக்கும் எனாமல் குளத்தில் எண்ணெய்ப் படலம் விடும், சங்கத்தில் அடுத்த வருஷம் அனுமதி கிடைக்காது. பிப்ரவரி பெங்களூருக்கு வறண்ட மாதம், அது உங்களுக்குச் சாதகம். ராத்திரியில் மட்டும் பால்கனியில் விடாதீர்கள், பனி இறங்கும்.

பூசி முடித்ததும் இருட்டறையில் படகுக்குள் டார்ச் வைத்து வெளியே சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் இன்னொரு தொடு பெயிண்ட்.

16 · கெங்கேரி வாசகன்

இந்தப் போட்டி எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் சொல்ல: அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் கார்பன்டேலில் உள்ள தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிசைன் பேராசிரியர் ரிச்சர்ட் ஆர்ச்சர் 1974-ல் முதலாண்டு மாணவர்களுக்கு வைத்த இறுதித் தேர்வு. ஆளை ஏற்றிப்போகும் படகை அட்டையில் கட்ட வேண்டும். பிரமாதமாக மூழ்கும் படகுக்கு டைட்டானிக் பெயரில் பரிசு கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அந்தப் பரிசையும் உங்கள் சங்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். முதல் நிமிடத்தில் மூழ்கிய பிள்ளைகள் அழுதுகொண்டு போகாமல் இருப்பார்கள்.

17 · பால்கனிக்காரர்

கண்டிப்பாகச் சொல்கிறேன். போட்டி நாளில் எதில் கவனமாக இருக்க வேண்டும்? ஒத்திகைக்கு அல்சூர் ஏரிப் பக்கம் போகலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள்.

18 · அல்சூர் துடுப்பு

ஏரி வேண்டாம். நகரத்து ஏரிகளில் கழிவுநீர் கலக்கிறது, கவிழ்ந்தால் அந்தத் தண்ணீர்தான் வாய்க்குள் போகும். அடியில் சேறும் செடியும் காலைப் பிடிக்கும். அனுமதியும் வேண்டும். உங்கள் குளமே போதும், 4 அடியில் எழுந்து நிற்கலாம்.

ஒத்திகையைப் படகில்லாமல் செய்யுங்கள். தரையில் 75 செ.மீ. அகலத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னும் பின்னுமாக மண்டியிட்டு, துடுப்பு ஒரே தாளத்தில் இறங்கும்வரை பழகுங்கள். முன்னால் இருப்பவர் தாளம் போடுவார், பின்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் போட்டுத் திசையைப் பார்ப்பார். இருவரும் ஒரே பக்கம் போட்டால் படகு வட்டமடிக்கும், அப்போது எட்டிச் சரிசெய்யப் போய்த்தான் கவிழ்வார்கள். கனமானவர் பின்னால். அணியம் விரல் அளவு தூக்கி நின்றால் நல்லது. அவர் முன்னால் போனால் முன்முனை தண்ணீரைக் கிழிக்காமல் குடிக்கும்.

இறக்கும்போது குளத்து ஓரத்து டைல்ஸ் மேல் இழுக்காதீர்கள். மூன்று கோட் பெயிண்டும் அந்த ஒரு இழுப்பில் போய்விடும். இருவர் தண்ணீருக்குள் நின்று வாங்கட்டும். ஏறும்போது ஒருவர் படகைச் சுவரோடு பிடிக்க, ஏறுபவர் நடுக்கோட்டில் கால் வைத்து உடனே தாழ்ந்து உட்கார வேண்டும். விளிம்பில் கை ஊன்றி உடம்பு எடையைப் போடக் கூடாது.

திருப்பம்: சுவருக்கு 3 மீட்டர் இருக்கும்போதே பின்னவர் ஒரு பக்கம் பின்னோக்கித் துழாவ, முன்னவர் எதிர்ப்பக்கம் அகலமாக முன்னோக்கிப் போடட்டும். சுவர் வந்தபிறகு ஆரம்பித்தால் இடிதான். துடுப்புத் தலை 20 × 40 செ.மீ., மூன்று அடுக்கு, காம்பு மூங்கில். விதியில் துடுப்புக்குத் தடை இல்லை என்கிறீர்கள், ஆனாலும் மூங்கிலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒன்று உபரியாக வையுங்கள்.

இருவரும் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், 4 அடி என்றாலும். மேல்மூடி வைத்த படகு வேண்டாம், கவிழ்ந்தால் ஆள் உள்ளே மாட்டுவார். காலை எதனோடும் கட்டாதீர்கள். நீச்சல் தெரிந்த ஒருவர் வேடிக்கை பார்க்காமல் குளத்துக்குள்ளேயே நிற்கட்டும்.

19 · கணக்குப்பிள்ளை

ஒரு சேர்க்கை: வெளிப்பக்கம் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் சுற்றி ஒரு கோடு வரைந்துவிடுங்கள். ஆள் ஏறியதும் தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டி இரு பக்கமும் சமமாக, முன்னால் மட்டும் விரல் அளவு கீழே நின்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் கோடு மறைந்தால் முன்னவர் பின்னுக்கு நகரட்டும். திரும்பி வரும்போது கோடு முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தால் உள்ளே நீர் ஏறுகிறது. 1 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தால் 15 லிட்டருக்கு மேல் வந்துவிட்டது என்று கணக்கு.

20 · பால்கனிக்காரர்

முதல் சனி ஷீட் மடிப்பு, ஞாயிறு இரண்டாவது அடுக்கும் மெத்தையும், அடுத்த வாரம் வங்கும் பட்டையும், அதற்கடுத்து பெயிண்ட். மூன்று வார இறுதி என்று திட்டமிடுகிறோம். முடிந்தபின் படகை என்ன செய்வது?

21 · மல்லேஸ்வரம் மீனாட்சி

மூழ்கிய படகை உடனே தூக்குங்கள். பத்து நிமிடம் கிடந்தால் கூழாகக் கரைந்து குளத்தின் ஃபில்டரை அடைக்கும். தூக்கும்போது விளிம்பைப் பிடித்தால் கையோடு வரும். அடியில் ஒரு பெட்ஷீட்டைச் செலுத்தி நாலு பேர் நாலு மூலையைப் பிடியுங்கள். பெயிண்ட் படாத வங்கையும் உள் அட்டைகளையும் பிரித்துக் காயவைத்து உலர் கழிவில் போடலாம். பெயிண்டும் டேப்பும் ஒட்டிய வெளித்தோல் மறுசுழற்சிக்குப் போகாது, அதைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள். போட்டிக்கு முன்பே பம்பை நிறுத்திவைக்கச் சொல்லி, எல்லாப் படகும் வெளியே வந்து, மிதக்கும் துண்டுகளை வலைக்கரண்டியால் அள்ளிய பிறகு ஓடவிடச் சொல்லுங்கள்.